உலோகத்தின் எந்தப் பக்கத்தில் நின்று எண்ணுகிறீர்கள்?

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குக் கல்லூரி வந்துபோகும் ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது. உள் ஆரம் 10 செ.மீ., வெளி ஆரம் 12 செ.மீ. கொண்ட, மின்னூட்டம் ஏதும் இல்லாத ஓர் உலோகக் கோள ஓடு. அதன் குழிவுக்குள், மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி, 2 நானோகூலூம் நேர் மின்னூட்டம் ஒன்று இருக்கிறது. உலோகப் பரப்பின் வழியே செல்லும் மின்பாயம் எவ்வளவு? ஒரு கையேடு சுழி என்கிறது. இன்னொன்று மின்னூட்டத்தை எப்சிலான் நாட் (ε₀, வெற்றிடத்தின் விடுதிறன்) என்ற மாறிலியால் வகுத்து விடை தருகிறது. கூடப் படிக்கும் ஒருவரோ, மின்னூட்டம் மையத்தில் இல்லாததால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது என்கிறார். மூன்றில் எது சரி என்று கேட்கிறார் மாணவி.

மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவரவர் கேள்விக்கு அவரவர் பதில் சரிதான். குழப்பம் வருவது 'உலோகப் பரப்பின் வழியே' என்ற சொற்களால். உலோகத்தின் பரப்பு என்பது ஒரு தோல். அந்தத் தோலுக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணினால் ஒரு விடை, அந்தப் பக்கம் நின்று எண்ணினால் வேறு விடை. எந்தப் பக்கம் என்று கேள்வி சொல்லவில்லை. ஆகவே உண்மையில் கேட்கப்பட்டிருப்பது, கடத்தியின் பரப்பில் மின்பாயத்தைக் கணக்கிடும்போது காஸியன் பரப்பை, அதாவது மின்பாயத்தை எண்ணுவதற்காக நாம் கற்பனையாக வரையும் மூடிய பரப்பை, எங்கே வரைவது, அப்படி வரைந்தபின் காஸ் விதி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுதான். காரைக்குடியில் 28 ஆண்டுகள் இளங்கலை மாணவர்களுக்கு நிலைமின்னியல் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் வகுப்பறை ஆசிரியன், ஆய்வாளன் அல்லன். அந்த எல்லைக்குள் நின்று, எது உறுதியானது, எது நாம் வசதிக்காக வைத்துக்கொண்ட அனுமானம் என்று பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் மின்பாயம் என்ற சொல். ஒரு பரப்பைச் செங்குத்தாகக் கடக்கும் மின்புலத்தைப் பரப்பு முழுவதும் கூட்டிய அளவு அது. இதை நடத்தும்போதெல்லாம் எங்கள் ஆயா வீட்டு முற்றத்தைத்தான் கரும்பலகையில் வரைவேன். முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஓட்டுக்கூரை உள்நோக்கிச் சரிந்திருக்கும். மழை பெய்தால் கூரையில் விழும் நீரெல்லாம் முற்றத்துக்கு இறங்கும். மூலைகளில் அண்டாவை வைத்துப் பிடிப்பார்கள். கூரையும் திறந்த வெளியும் சேர்ந்து தரையில் அடைத்துக்கொள்ளும் பரப்பு 50 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 செ.மீ. மழை நேர்க்குத்தாகப் பெய்தால் 500 லிட்டர் நீர் வரும். கூரையின் சரிவை 30 பாகை ஆக்கினால் ஓடு வேய்ந்த பரப்பு ஏறத்தாழ 15 சதவீதம் கூடும், ஆனால் பிடிக்கும் நீர் கூடாது. சரிந்த ஓட்டில் மழை சாய்வாக விழுகிறது. பரப்பு எந்த விகிதத்தில் கூடியதோ அதே விகிதத்தில் ஒவ்வொரு ஓடும் வாங்கும் நீர் குறைகிறது. மின்புலத்தைப் பரப்பால் பெருக்கும்போது இடையில் கோசைன் வருவதற்குக் காரணம் இதுவே. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மழையில் நீர் உண்மையாகவே நகர்கிறது. மின்பாயத்தில் எதுவும் நகர்வதில்லை. பாயம் என்ற பெயர் ஓர் ஒப்புமைக்காக வந்தது, அவ்வளவுதான்.

மூடிய பரப்பு ஒன்றை எடுத்து, அதன் வழியே வெளியேறும் மின்பாயம் முழுவதையும் கூட்டினால், உள்ளே அடைபட்ட நிகர மின்னூட்டத்தை வெற்றிடத்தின் விடுதிறனால் வகுத்த அளவு கிடைக்கும். இதுதான் காஸ் விதி. எப்சிலான் நாட்டின் மதிப்பு எஸ்.ஐ. அலகில் 8.854 × 10⁻¹². ஆகவே 1 நானோகூலூமுக்குச் சுமார் 113, இந்தக் கணக்கிலுள்ள 2 நானோகூலூமுக்குச் சுமார் 226. அலகு நியூட்டன் சதுர மீட்டர் வகுத்தல் கூலூம். பரப்பு உருண்டையா சதுரமா, மின்னூட்டம் நடுவிலா ஓரத்திலா என்பதை இந்த விதி கேட்பதேயில்லை. அதன் வலிமையும் அங்கேதான் இருக்கிறது, எல்லையும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது அந்தக் கோள ஓட்டில் மூன்று மூடிய பரப்புகளை வரையுங்கள். ஒன்று, குழிவுக்குள், உட்சுவரைத் தொட்டும் தொடாமலும். அதற்குள் அடைபட்டிருப்பது 2 நானோகூலூம், ஆகவே மின்பாயம் 226. இரண்டாவது, உலோகத்தின் தடிப்புக்குள்ளேயே, 11 செ.மீ. ஆரத்தில். அங்கே மின்புலமே இல்லை, ஆகவே மின்பாயம் சுழி. மூன்றாவது, வெளிச்சுவருக்குச் சற்று வெளியே. உள்ளே 2 நானோகூலூம் இருக்கிறது, ஓட்டின் நிகர மின்னூட்டம் சுழி, ஆகவே மறுபடியும் 226. சுழி என்ற கையேடு இரண்டாவது பரப்பில் நிற்கிறது. மற்றக் கையேடு முதலாவதிலோ மூன்றாவதிலோ நிற்கிறது. எங்கே நிற்கிறோம் என்று இரண்டுமே எழுதவில்லை. தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால், 'உட்சுவருக்குச் சற்று உள்ளே', 'வெளிச்சுவருக்குச் சற்று வெளியே' என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். அந்த ஒரு வரிக்கு நான் எப்போதும் மதிப்பெண் கொடுத்து வந்தேன்.

உலோகத்துக்குள் மின்புலம் ஏன் சுழி என்பதை மனப்பாடமாக அல்லாமல் காரணத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். உலோகத்தில் நகரக்கூடிய எலக்ட்ரான்கள் ஏராளம். உள்ளே சிறிது மின்புலம் இருந்தாலும் அவை நகரும். நகர்ந்து ஓரங்களில் குவிந்து, அந்த மின்புலத்தை ஈடுகட்டிய பிறகுதான் நிற்கும். நிலைமின்னியல் என்று பெயர் வைத்தபோதே, எல்லாம் நின்றுவிட்டது என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். நின்றுவிட்டதென்றால் உள்ளே மின்புலம் இல்லை. இது சமச்சீரிலிருந்து வந்த முடிவு அன்று. கோளமானாலும் சரி, கொப்பரையானாலும் சரி, கோணலான தகரமானாலும் சரி, இது பொருந்தும். இரண்டாவது பரப்பில் மின்பாயம் சுழி என்றால் அதற்குள் அடைபட்ட நிகர மின்னூட்டமும் சுழி. உள்ளே ஏற்கெனவே +2 இருப்பதால் உட்சுவரில் −2 நானோகூலூம் வந்து சேர்ந்தே ஆக வேண்டும். ஓடு நடுநிலையானது என்பதால் மீதம் +2 வெளிச்சுவருக்குப் போகிறது. மின்னூட்டம் மையத்தில் இல்லை என்பது இந்த வாதத்தில் எந்த இடத்திலும் குறுக்கிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டுக்கே தனியாக 5 நானோகூலூம் கொடுத்திருந்தாலும் உட்சுவரில் −2 தான் இருக்கும். வெளிச்சுவரில் 7 ஆகும், வெளியே மின்பாயம் சுமார் 791 ஆகும்.

குறியைப் பற்றியும் ஒரு சொல். காஸியன் பரப்பின் புறச்செங்குத்து என்றால், அந்தப் பரப்பு அடைத்துள்ள இடத்திலிருந்து வெளியே நோக்குவது. முதல் பரப்பில் அது உலோகத்தை நோக்கும். கடத்தியின் புறச்செங்குத்து என்று எடுத்தால் அதே உட்சுவரில் அது உலோகத்திலிருந்து குழிவை நோக்கும். முதல் வழியில் +226, இரண்டாம் வழியில் −226. விடைத்தாள்களில் குறி தவறாக வந்த பல இடங்களில் மாணவர் இயற்பியலில் தவறவில்லை. எதிலிருந்து எதற்கு வெளியே என்று சொல்லாமல் விட்டிருப்பார்.

இனி, கணக்கே போட முடியாது என்ற நண்பருக்கு வருகிறேன். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். ஆசிரியராகி இரண்டாவது ஆண்டில், மொத்த மின்பாயம் இடத்தைப் பொறுத்ததன்று என்று சொல்லிவிட்டு, ஆகவே கோளத்தின் இரண்டு பாதிகளுக்கும் பாதிப்பாதி என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "அப்படியென்றால் கிட்டே இருக்கும் சுவரும் எட்டே இருக்கும் சுவரும் ஒன்றுதானா ஐயா?" என்று கேட்டார். அன்று நான் சொன்ன விடை தவறு. இரவு உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்த்து, மறுநாள் வகுப்பில் திருத்திச் சொன்னேன். காஸ் விதி மொத்தத்தைத்தான் சொல்லும். பங்கைச் சொல்லாது. பங்கைத் தீர்மானிப்பது வேறு.

அந்தப் பங்கை இந்தக் கணக்கிலேயே பார்த்துவிடலாம், பாடப்புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கோளத்தை மின்னூட்டம் இருக்கும் பக்கம் ஒரு பாதி, எதிர்ப்பக்கம் ஒரு பாதி என்று மையத்தின் வழியே வெட்டுங்கள். முதலில் உலோகமே இல்லை, 10 செ.மீ. ஆரத்தில் வெறும் கற்பனைக் கோளம் என்று வைப்போம். எதிர்ப்பாதிக்குப் போகும் மின்புலக் கோடுகள் எல்லாம் நடுவிலுள்ள வட்டத் தட்டைக் கடந்தே போக வேண்டும். தட்டின் ஆரம் 10, மின்னூட்டத்திலிருந்து அதன் தூரம் 5. புள்ளி மின்னூட்டத்திலிருந்து ஒரு வட்டத் தட்டைக் கடக்கும் பங்கு, ஒன்றிலிருந்து 'தூரம் வகுத்தல் விளிம்புவரையுள்ள சாய்தொலைவு' என்பதைக் கழித்து அதில் பாதி. இங்கே அது 0.276. அதாவது கிட்டப் பாதிக்கு 72.4 சதவீதம், எட்டப் பாதிக்கு 27.6 சதவீதம்.

இப்போது உலோகத்தைக் கொண்டுவந்து வையுங்கள். உட்சுவர் முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும், மின்கோடுகள் சுவரைச் செங்குத்தாகவே தொட வேண்டும். இந்த நிபந்தனையைப் பிம்ப மின்னூட்ட முறை அழகாக நிறைவேற்றுகிறது. மையத்திலிருந்து 20 செ.மீ. தொலைவில், அதே திசையில், −4 நானோகூலூம் இருப்பதாகக் கற்பனை செய்தால் குழிவுக்குள் மின்புலம் சரியாகக் கிடைத்துவிடும். அந்தப் பிம்பம் கோளத்துக்கு வெளியே இருப்பதால் மொத்த மின்பாயத்தில் அதன் பங்களிப்பு சுழி. ஆனால் பங்கை அது மாற்றிவிடுகிறது. 20 செ.மீ. தொலைவிலிருந்து அதே தட்டைக் கடக்கும் பங்கு 0.0528. அதை 4 நானோகூலூமால் பெருக்கினால் 0.211 நானோகூலூமுக்கு ஈடான மின்பாயம் எட்டப் பாதியிலிருந்து கிட்டப் பாதிக்கு இடம் மாறுகிறது. இது 2 நானோகூலூமில் 10.6 சதவீதம். ஆகவே உலோகம் வந்தபின் கிட்டப் பாதிக்கு 82.9 சதவீதம், எட்டப் பாதிக்கு 17.1 சதவீதம். மின்பாயமாகச் சொன்னால் சுமார் 187, சுமார் 39. மொத்தம் அதே 226 தான். உலோகம் மொத்தத்தில் கைவைக்கவில்லை, பங்கீட்டில் கைவைத்துவிட்டது. நான் அன்று சொன்ன பாதிப்பாதியும் தவறு, உலோகத்தை மறந்துவிட்டு வெறும் கோணத்தை வைத்துச் சொல்லும் 72.4 சதவீதமும் தவறு.

இதை இரண்டு வரியில் சரிபார்க்கலாம். சுவரின் மிகக் கிட்டிய புள்ளியில் உண்மை மின்னூட்டம் 5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, அதன் மின்புலம் 7200 நியூட்டன் வகுத்தல் கூலூம். பிம்பம் 10 செ.மீ. தூரத்திலிருந்து அதே திசையில் 3600 தருகிறது. மொத்தம் 10,800. மிக எட்டிய புள்ளியில் உண்மை மின்னூட்டம் 800, பிம்பம் எதிர்த்திசையில் 400, மீதம் 400. மின்னூட்டம் மையத்தில் இருந்திருந்தால் சுவரெங்கும் 1800 இருந்திருக்கும். கிட்டிய புள்ளியில் அது ஆறு மடங்காகிவிட்டது, எட்டிய புள்ளியில் ஒன்பதில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டது. இரண்டுக்கும் இடையே 27 மடங்கு வேறுபாடு. ஒரே சுவர், ஒரே மொத்த மின்பாயம், இவ்வளவு ஏற்றத்தாழ்வு!

வெளிச்சுவருக்கு வந்தால் நிலைமை தலைகீழ். அங்கே +2 நானோகூலூம் முற்றிலும் சீராகப் பரவியிருக்கும், மின்புலம் எங்கும் 1250. வெளிப்பக்கத்தில் இரண்டு பாதிகளுக்கும் சரிபாதி, தலா 113. உள்ளே மின்னூட்டம் எந்த மூலையில் இருக்கிறது என்ற செய்தி உலோகத்தைத் தாண்டி வெளியே வருவதேயில்லை. உட்சுவரின் −2, உள்ளே இருக்கும் +2 ஆகிய இரண்டும் சேர்ந்து குழிவுக்கு வெளியே எங்கும் ஒன்றையொன்று முழுமையாக ஈடுகட்டிவிடுகின்றன. வெளிச்சுவர் மின்னூட்டம் தன் வடிவத்தை மட்டும் பார்த்துப் பரவுகிறது. வெளியே வேறு மின்னூட்டங்கள் இல்லை என்பதும், வெளிச்சுவர் கோளம் என்பதும் இதற்கு அவசியம். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் சீரான பரவல் போய்விடும். மொத்தம் 226 என்பது அப்போதும் மாறாது.

இதே இடறல் இன்னொரு கணக்கிலும் வரும். முடிவிலாத் தளம் ஒன்றின் முன்னே ஒரு மின்னூட்டம். தளத்தின் வழியே மின்பாயம் எவ்வளவு? தளம் வெறும் கற்பனை என்றால் பாதிக் கோடுகள்தான் அதைக் கடக்கும், மின்னூட்டத்தை எப்சிலான் நாட்டால் வகுத்ததில் பாதி. அதே தளம் புவியோடு இணைத்த உலோகத் தகடு என்றால், பின்னால் போகவிருந்த கோடுகளும் வளைந்து திரும்பித் தகட்டிலேயே வந்து முடியும். தூண்டப்பட்ட மின்னூட்டம் முழு அளவுக்குச் சமம், மின்பாயமும் முழு அளவு. மின்னூட்டம் தகட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப்போல் 1.732 மடங்கு ஆரத்துக்குள் சரிபாதி வந்து விழுந்துவிடும். இந்தக் கணக்கில் பாதி என்று எழுதிய விடைத்தாள்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். எழுதியவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். கற்பனைப் பரப்புக்குரிய விடையை உலோகப் பரப்புக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

மின்னூட்டம் கடத்திக்கு வெளியே இருக்கும்போது, நடுநிலையான கடத்தியைச் சுற்றி வரைந்த பரப்பில் மொத்த மின்பாயம் சுழி. சுழி என்பதால் அங்கே மின்புலம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மின்னூட்டத்தை நோக்கிய பக்கத்தில் கோடுகள் உலோகத்தின் தோலில் வந்து முடிகின்றன, மறுபக்கத்தில் அதே அளவு புறப்படுகின்றன. கடத்தியைப் புவியோடு இணைத்துவிட்டால் அந்தச் சமநிலை போய்விடும். 12 செ.மீ. ஆரமுள்ள கோளத்தின் மையத்திலிருந்து 36 செ.மீ. தொலைவில் மின்னூட்டம் இருந்தால், புவியிலிருந்து ஏறிவரும் எதிர் மின்னூட்டம் அதில் மூன்றில் ஒரு பங்கு. கோளத்தைச் சூழ்ந்த பரப்பில் மின்பாயமும் அதற்கேற்ப எதிர்க்குறியோடு மூன்றில் ஒரு பங்கு.

சிக்மா வகுத்தல் எப்சிலான் நாட், சிக்மா வகுத்தல் இரண்டு எப்சிலான் நாட் என்ற இரண்டு சூத்திரங்களும் பலரைக் குழப்புகின்றன. சிக்மா என்பது மின்னூட்டப் பரப்படர்த்தி. மெல்லிய தாள் ஒன்றின் மேல் மின்னூட்டம் தடவியிருந்தால் கோடுகள் இரு பக்கமும் சமமாகப் போகும், ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதி. கடத்தியின் தோலில் ஒரு பக்கம் உலோகம், அங்கே மின்புலம் சுழி. ஆகவே மொத்தமும் வெளிப்பக்கமாகப் போகிறது. தோலின் நடுவில் சரியாக நின்றால் எவ்வளவு என்று கேட்டால், சுழிக்கும் முழுமைக்கும் இடையே சராசரி, அதாவது பாதி. இந்தப் பாதி வீணான கற்பனை அன்று. தோலிலுள்ள மின்னூட்டம் உணரும் விசையைக் கணக்கிடும்போது இந்தப் பாதியைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விசை இரு மடங்காக வந்துவிடும்.

இதுவரை சொன்னவற்றில் உறுதி எவ்வளவு? காஸ் விதி, விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பதோடு பிணைந்தது. இருமடியிலிருந்து சிறிது விலகினாலும், மின்னூட்டம் ஏற்றிய வெற்று உலோக ஓட்டின் உள்ளே மின்புலம் தலைகாட்டிவிடும். வெள்ளிக் குவளை ஒன்றுக்கு மின்னூட்டம் கொடுத்து, உள்ளே தொங்கவிட்ட தக்கைப் பந்து ஈர்க்கப்படவில்லை என்பதைப் பெஞ்சமின் பிராங்க்ளின் கவனித்தார். அதைக் கேட்டறிந்து தாமும் செய்து பார்த்த ஜோசப் பிரீஸ்ட்லி, இதிலிருந்தே இருமடி விதியை 1767இல் ஊகித்தார். ஹென்றி கேவண்டிஷ் ஒரு கோளத்தை இரண்டு அரைக்கோளங்களுக்குள் அடைத்து 1773 வாக்கில் அளந்து, தூரத்தின் அடுக்கு இரண்டிலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகவில்லை என்று கண்டார். அதே வகைச் சோதனையை 1971இல் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் ஆகியோர் செய்தபோது, விலகல் இருந்தாலும் 10⁻¹⁵ அளவைத் தாண்டாது என்ற இடத்துக்கு வந்துவிட்டது. வெற்று உலோகப் பாத்திரத்தின் உள்ளே ஒன்றும் இல்லை என்ற எளிய காட்சி, இயற்பியலில் மிக நுட்பமாகச் சோதிக்கப்பட்ட உண்மைகளில் ஒன்றாக நிற்கிறது. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே.

அனுமானங்கள் வேறு. பரப்புக்குத் தடிப்பே இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் உலோகத்தின் மின்னூட்டம் ஓர் அணுவின் அளவுக்குள் பரவியிருக்கிறது. செ.மீ. கணக்கில் அது பொருட்டன்று, ஆனால் தோலின் நடுவில் நிற்பது என்று நான் மேலே சொன்னதை அந்த அளவில் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்று, காற்று சுமார் 30 லட்சம் வோல்ட் வகுத்தல் மீட்டர் மின்புலத்துக்கு மேல் தாங்காது, பொறி பாய்ந்துவிடும். அந்த வரம்பில் 10 செ.மீ. ஆரக் கோளம் காற்றில் தாங்கும் மின்னூட்டம் சுமார் 3.3 மைக்ரோகூலூம். 5 செ.மீ. கோளத்துக்குச் சுமார் 0.83 தான். பயிற்சிக் கணக்குகள் இதைவிடப் பல மடங்கு மின்னூட்டத்தைச் சிறு கோளங்களில் தயங்காமல் ஏற்றிவிடுகின்றன. கணக்காகப் போடலாம், ஆனால் அந்தக் கோளம் காற்றில் இருக்க முடியாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

உலோகத்துக்கு வெளியே வெற்றிடமோ காற்றோ இல்லாமல் உப்புக் கரைசல் இருந்தால் கதை இன்னும் மாறும். கரைசலிலுள்ள அயனிகளும் நகர்ந்துவந்து உலோகத் தோலை ஒட்டி எதிர் அடுக்கு ஒன்றை அமைத்துவிடும். தோலுக்குச் சற்று வெளியே மின்பாயம் என்றால், அந்த அடுக்குக்கு இப்பாலா அப்பாலா என்று மறுபடியும் கேட்க வேண்டிவரும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. உலோகமும் கரைசலும் சந்திக்கும் அந்தத் தோல்தான் மின்வேதியியலின் களம். அதைப் பற்றி அங்குள்ளவர்கள் சொல்வதே சரியாக இருக்கும், என் பாடம் காற்றோடு நின்றுவிடுகிறது.

கடைசியாக, இதைக் காகிதத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். மைக்கேல் ஃபாரடே 1843இல் பனிக்கட்டி வைக்கும் வாளியை வைத்துச் செய்த சோதனையை ஓர் எவர்சில்வர் தூக்குவாளியை வைத்து நீங்களே செய்யலாம். வாளியை மெழுகுக் கட்டியின் மேல் வையுங்கள். அதன் வெளிப்பக்கத்தைக் கம்பியால் தங்க இலை மின்காட்டியோடு (மின்னூட்டம் வந்தால் இலை விரிந்து காட்டும் கருவி) இணையுங்கள். பட்டு நூலில் கட்டிய பித்தளைக் குண்டுக்கு மின்னூட்டம் கொடுத்து, எதையும் தொடாமல் வாளிக்குள் ஆழமாக இறக்குங்கள். இலை விரியும். குண்டை உள்ளே இங்கும் அங்கும் நகர்த்திப் பாருங்கள், விரிவு மாறாது. உட்சுவரில் பங்கீடு தலைகீழாக மாறிக்கொண்டிருக்கும்போதும் வெளியே மொத்தம் அசையாமல் நிற்பதை அந்த இலை காட்டுகிறது. வாளியின் வாய் திறந்திருப்பதால் குண்டு மேலே வரும்போது மட்டும் விரிவு குறையும், ஆகவே ஆழமான குறுகிய வாளியாக எடுங்கள். குண்டை உட்சுவரில் தொடவைத்தாலும் விரிவு மாறாது, ஆனால் வெளியே எடுத்த குண்டில் மின்னூட்டம் இருக்காது. உட்சுவரின் எதிர் மின்னூட்டம் குண்டினுடையதற்குச் சரிசமம் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இதைச் செய்யாதீர்கள், நூலும் மெழுகும் ஈரம் பிடித்து மின்னூட்டம் கசிந்துவிடும். மாசி, பங்குனியில் வெயில் ஏறிய பிறகு நன்றாக வரும்.

அதன் பிறகு இதையும் செய்து பாருங்கள். குண்டுக்கு மறுபடியும் மின்னூட்டம் கொடுத்து, தொடாமல் வாளிக்குள் தொங்கவிட்டபடியே, வாளியின் வெளிப்பக்கத்தை ஒருமுறை விரலால் தொடுங்கள். இலை மடங்கிவிடும். விரலை எடுங்கள். பிறகு குண்டை வெளியே தூக்குங்கள். இலை மீண்டும் விரியும். குண்டு நேர் மின்னூட்டம் கொண்டது என்று வைத்துக்கொண்டு, விரல் தொட்டபோதும் குண்டு வெளியேறிய பிறகும் உட்சுவரில் எவ்வளவு, வெளிச்சுவரில் எவ்வளவு, வாளிக்குச் சற்று வெளியே மின்பாயத்தின் குறி என்ன என்று இரண்டு படம் வரைந்து எழுதி அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.